சிவப்புக் கோடு போட்ட பக்கம்

கடவுள் துணை

4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

பெரிய மனுஷனின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போதுதான் பிரார்த்தனை முடித்து எழுந்தேன், அதற்குள் ஒரு பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். நீங்கள் நலமாக இருங்கள். உங்கள் சுரங்கத்துப் பம்புகளும் நலமாக இருக்கட்டும். நம் பெரிய மனுஷன் ஹாஸ்டலில் சௌக்கியம். பரீட்சை இருபத்தெட்டாம் தேதி வரைக்கும். பத்தொன்பது வயதாகியும் அழுக்குத் துணியை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புகிறவனுக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் பொருத்தம்தான்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தேன். என் வழக்கப்படி வரிகளை எண்ணி நோட்டில் ஏற்றியும் விட்டேன். மொத்தம் அறுபத்தெட்டு. இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள், அதை ஏன் நான் எழுதவில்லை என்று ஒன்பது வரி. தேர்தலில் யாரோடு யார் சேருவார்கள் என்று இருபத்திரண்டு. பம்பு, மேஸ்திரி, கேம்ப் சமையல்காரர் உப்புப் போடும் அழகு எல்லாம் சேர்த்து முப்பத்து மூன்று. நான் அனுப்பிய பேப்பர் துண்டுக்குப் பதில் நான்கு வரி.

அந்த நான்கு வரியைப் பார்க்காமலே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். "துண்டைப் படித்தேன். இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு? இத்தனை நாள் இது இல்லாமல் ஓடவில்லையா? தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் பார்க்க நானும் பக்கத்தில் இல்லை. நான் வந்த பிறகு நிதானமாக யோசிக்கலாம்."

கண் ஆபரேஷன் செய்துகொண்டால் தெருவில் நாலு பேர் எதற்குச் சிரிப்பார்கள்? எவ்வளவோ யோசித்தும் எனக்குப் புரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடப்பேனே, அதற்கா? சிரிக்கட்டுமே. வாசற்படி தெரியாமல் நான் விழுந்தால் மட்டும் கைதட்டவா போகிறார்கள்?

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். எதையும் நேரில் கேட்டால் "பார்க்கலாம்" என்பீர்கள். அதே விஷயம் பேப்பரில் வந்தால் அன்று மாலையே ஓடிப்போய்ச் செய்வீர்கள். குடிதண்ணீரை வடிகட்டிக் குடிக்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு வருடம் நகரவில்லை. பேப்பரில் நாலு வரி வந்தது; மறுநாளே வடிகட்டியோடு வந்து நின்றீர்கள். ஜன்னலுக்குக் கம்பி போட்டது, பெரிய மனுஷனைப் பள்ளிக்கூடம் மாற்றியது எல்லாம் அப்படித்தான். அதனால்தான் எது வேண்டுமென்றாலும் பேப்பரில் வரும்வரை காத்திருந்து, வெட்டி, நீங்கள் படிக்க வேண்டிய பக்கத்தின் தலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். இருபத்திரண்டு வருடம். நீங்கள் அந்த மலைக்குப் போனபிறகு தட்டுக்குப் பதில் தபால் கவர்.

இந்தத் துண்டுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். அதோடு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன்: இது எனக்கு வேண்டும் என்று நினைக்கிறேன், உங்கள் சம்மதம் வேண்டும். என் கண் இப்படி ஆகிவிட்டது என்று என் கையால் எழுத மனசு வரவில்லை. அதற்குத்தானே துண்டு? அதில் எல்லாம் போட்டிருந்ததே. கண் அழுத்தம் என்றால் என்ன, பக்கவாட்டுப் பார்வை எப்படி ஓசையில்லாமல் போகும், தாமதித்தால் போனது ஏன் திரும்பாது என்று ஒரு டாக்டரே எழுதியிருந்தார். படித்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுமா "இது இல்லாமல் ஓடவில்லையா" என்று கேட்டீர்கள்? கண் இல்லாமலா?

உங்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊறுமாம், வடியுமாம். எனக்கு வடிகால் அடைத்துக்கொண்டது. உள்ளே அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், இறங்கவில்லை. சின்னதாக ஒரு வழி வெட்டி விட வேண்டுமாம். அதைக் கேட்டபோது, இது நம் வீட்டுக்காரர் வேலையாச்சே என்று நினைத்துக்கொண்டேன். பம்பு ஒரு ராத்திரி நின்றால் சுரங்கத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிடும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? சுரங்கத்துக்கு ராத்திரி பகல் பார்க்காமல் காவல் இருக்கிறீர்கள். சந்தோஷம்.

என் நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன். இடது பக்கம் மோதியது எத்தனை தடவை என்று. போன மாதம் அடுப்படிக் கதவில் பதினொன்று, குளியலறை வாளியில் நான்கு, மாடிப்படியில் எதிரே வந்த ஆளின் மீது இரண்டு. அதில் ஒரு தடவை வீட்டுச் சொந்தக்காரர். அவர் ரொம்ப மரியாதையாக நகர்ந்துகொண்டார். குறுக்கெழுத்துப் போட்டியில் முன்பெல்லாம் இருபது நிமிடத்தில் கட்டம் நிரப்புவேன். இப்போது இடது ஓரக் கட்டங்கள் இருப்பதே தெரியாமல் விட்டுவிட்டு, பேப்பர்காரர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று திட்டுகிறேன். தினமும் வாசிக்கிற துதிப் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்கிறேன், மனப்பாடமாகச் சொல்கிறேன். பக்கத்தைப் புரட்டவும் செய்கிறேன், யாரும் பார்க்காவிட்டாலும்.

இத்தனைக்கும் நீங்கள் வேண்டாம் என்று சொன்னபிறகு நான் மீறிச் செய்வேனா? இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷனுக்குப் பன்னிரண்டாம் தேதி கொடுத்திருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கவுன்டரில் இருந்த பெண், "என்னம்மா, இது என்ன சினிமா டிக்கெட்டா, நெனச்சா வாங்கறதுக்கும் நெனச்சா திருப்பிக் குடுக்கறதுக்கும்?" என்று சத்தம் போட்டாள். வீட்டில் சம்மதமில்லை என்றேன். "யாருக்கு? கண்ணு உங்களுதா, அவருதா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நீங்கள் சொன்ன நாலு பேர் இவர்கள்தானோ என்னவோ. சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செய்தி இல்லாமல் உங்களுக்குக் கடிதம் இறங்காது, அதையும் எழுதிவிடுகிறேன். எங்கேயோ ஒரு கிரகத்தில் தண்ணீர் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நல்லது. நம் தெருக்குழாயில் மூன்று நாளாக இல்லை, அதையும் யாராவது கண்டுபிடிக்கலாம். ஒரு ஆள் முப்பது மணி நேரம் ஒற்றைக் காலில் நின்று சாதனை செய்தாராம், சுற்றி நின்று அளந்தார்களாம். நான் இருபத்திரண்டு வருடமாக அடுப்படியில் நிற்கிறேன், ஒருவரும் கடிகாரத்தோடு வரவில்லை. வானிலை ஆபீஸ் போன மாதம் ஏழு நாள் மழை என்றது, பெய்தது இரண்டு நாள். நோட்டில் இருக்கிறது. திறந்த பாலத்தையே மறுபடியும் திறந்திருக்கிறார்கள். ரிப்பனும் புதிது, கத்தரிக்கோலும் புதிது, பாலம் மட்டும் பழையது.

இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசி நிமிடம்வரை ரேடியோவில் கேட்டேன். சொல்ல மாட்டேன்.

கேம்ப் ஆபீஸ் போன் இன்னும் பழுதாகத்தான் இருக்கிறது போல. இந்த ஞாயிறும் மணி அடிக்கவில்லை. அடித்தாலும் இரண்டு நிமிடம், உங்கள் பின்னால் பத்துப் பேர் வரிசை. அதில் நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்?

உங்களைக் கடவுள் காக்கட்டும். சுரங்கத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றாதீர்கள்.

இப்படிக்கு,
பெரிய மனுஷனின் அம்மா

*

கடவுள் துணை

10ஆம் தேதி, திங்கட்கிழமை

பெரிய மனுஷனின் அப்பாவுக்கு,

போன கடிதம் சனிக்கிழமை கேம்ப்புக்கு வரும் தபால் வேனில் உங்களுக்குக் கிடைத்திருக்கும். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று எனக்கும் புரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் கீழ்வீட்டுத் தையல்காரி வந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும், உங்கள் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தவள். நான் ஊசியில் நூல் கோக்க அவளைக் கூப்பிட ஆரம்பித்து நான்கு மாதமாகிறது. இப்போது அவளாகவே, "அக்கா, இன்னிக்கு ஊசி உண்டா?" என்று கேட்டுக்கொண்டு ஏறி வருகிறாள். வந்தவளிடம் உங்களைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினேன். நீங்கள் எழுதிய நான்கு வரியையும் ஒப்பித்தேன். அவளுக்கும் அந்தச் சிரிப்பு விஷயம் இடித்தது. "அண்ணன் அப்படி எழுதற ஆள் இல்லியே. அந்தத் துண்டைக் காட்டுங்க" என்றாள்.

நீங்கள் வழக்கம்போலத் துண்டைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருந்தீர்கள். நானும் வழக்கம்போல நோட்டில் ஒட்டியிருக்க வேண்டும். கோபத்தில் பிரிக்கக்கூட இல்லை, நாலாய் மடித்த வாக்கிலேயே பட்டன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். அவள் எடுத்துப் பிரித்தாள். பிறகு, "அக்கா, நீங்க எப்போ சைக்கிள் கத்துக்கப் போறீங்க?" என்றாள்.

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சி, மைதானத்தில், காலை ஆறு மணிக்கு. கூடவே ஒரு பருத்த அம்மாள் சைக்கிளில் போகிற படம். அதன் தலையில் பளிச்சென்று என் சிவப்புக் கோடு. கண் டாக்டர் எழுதியது மறுபக்கத்தில், ஒரு கோடும் இல்லாமல், பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டு இருக்கிறது.

எப்படி ஆனது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். துண்டை வெட்டிய அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டிருந்தார்கள். நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது, பேசாமல் படுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் படுத்தேனா? முதல் நாளே பார்த்து வைத்த துண்டாயிற்றே, அந்த வார வேனில் ஏற்றும் தபால் கட்டு போய்விடுமே என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தேன். தடவித் தடவி வெட்டினேன். கறுப்பாகத் தெரிந்த தலைப்பின் மேல் கோட்டை இழுத்தேன். இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் தெரிந்தது.

எனக்கு எதில் ஆத்திரம் தெரியுமா? நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே மளிகைப் பொட்டலக் காகிதத்தில். பொட்டலத்தில் கதையின் பாதிதான் இருக்கும், மீதி வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். கிடைத்ததை விடக்கூடாது என்று ஒவ்வொரு காகிதத்தையும் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் படித்து வளர்ந்தவள் நான். மற்றவர்கள் செய்தால் மன்னிக்கலாம். நான் போய் இந்தத் தப்பைச் செய்தேனே. ஒரு பக்கத்தை நினைத்துக் கண்ணுக்குக் கேட்டேன், மறுபக்கத்துக்கு நீங்கள் பதில் எழுதினீர்கள், அந்தப் பதிலை நம்பி நான் போய்த் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடவுளிடம் கணக்குக் கேட்பது தப்பு என்று தெரியும். நேற்றுக் கேட்டேன். பதில் வரவில்லை. அவருக்கும் நான் தப்பான பக்கத்தைக் காட்டிவிட்டேனோ என்னவோ.

உங்கள் மேலும் கோபம் தீர்ந்துவிடவில்லை. சைக்கிள் என்று தெரிந்ததும், இவளுக்குத் திடீரென்று சைக்கிள் எதற்கு என்று ஒரு வரி கேட்டிருக்கலாம் அல்லவா? கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிறவள், சம்மதம் கேட்டுச் சைக்கிள் ஓட்டப் போகிறாளா? உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா? கூட்டணி பற்றி இருபத்திரண்டு வரி சந்தேகம் கேட்கத் தெரிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துண்டின் ஓரத்தில் நீங்கள் பென்சிலால் கிறுக்கியிருந்ததைத் தையல்காரிதான் கண்டுபிடித்தாள். "முதலில் பிரேக் எங்கே இருக்கிறதென்று கேட்டுக்கொள்" என்று எழுதி, கீழே ஒரு சைக்கிள் வரைந்திருக்கிறீர்கள். அதன் மேல் கொண்டை போட்ட ஒருத்தி. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறார். வழுக்கைத் தலை. பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன், ஆனாலும் நன்றாகப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுதிவிட்டு இதை எதற்கு வரைந்தீர்கள்? இதை முதலிலேயே பிரித்திருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்காது.

இன்று காலை தையல்காரி மெஷினை மூடி வைத்துவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியில் "கண் கெட்ட பிறகு..." என்று பழமொழியை ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானே முடித்து வைத்தேன். கவுன்டர் பெண் என்னை மறக்கவில்லை. "வாங்க, டிக்கெட் திரும்ப வேணுமா?" என்றாள். பன்னிரண்டாம் தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். அடுத்த மாதம்தான் என்று பெரிய நோட்டைப் புரட்டினாள். தையல்காரி அவளிடம் சைக்கிள் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டாள். நான் வெட்கத்தில் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் சிரித்தாள், பக்கத்துக் கவுன்டரும் சிரித்தது. நீங்கள் எழுதியது பலித்துவிட்டது. சிரித்து முடித்து, ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயருக்குக் கீழே என்னை எழுதினாள். இருபத்து நான்காம் தேதி. இதற்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த ஒரு வாரத்திலேயே அழுத்தம் இரண்டு புள்ளி ஏறியிருக்கிறதாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். இடது கண்ணில் பாதிக்கும் கீழே. வலது கண் இன்னும் பரவாயில்லை.

கூட ஒருவர் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். தையல்காரி தானே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் வர முடியாவிட்டால் அவள் இருப்பாள். பெரிய மனுஷனிடம் மூச்சு விடவில்லை, பரீட்சை முடியட்டும். ஆக, நீங்கள் வராவிட்டாலும் இது நடக்கும். போன தடவை போல உங்கள் பதிலுக்காக நிறுத்த மாட்டேன். உங்கள் சம்மதமும் கேட்கவில்லை.

வேறு ஒன்று கேட்கிறேன். இதுவரை துண்டு வெட்டாமல் எதையும் கேட்டதில்லை, அதனால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேஸ்திரியிடம் நான்கு நாள் லீவு கேளுங்கள். பம்பை வேறு யாரிடமாவது ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். கண் கட்டைப் பிரிக்கும்போது எதிரே கவுன்டர் பெண் நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. அந்தக் கேரியர் படத்தில் இருக்கிறவர் நிற்கட்டும். இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அப்போது சொல்கிறேன். கடைசி இரண்டு நிமிடம் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன், அதை எந்தப் பேப்பரும் சரியாக எழுதவில்லை.

இந்தத் தடவை துண்டு எதுவும் வைக்கவில்லை. சிவப்புக் கோடும் போடவில்லை. இந்தத் தாளின் இரண்டு பக்கமும் நானே எழுதியது. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் சரி.

கடவுள் உங்களைப் பத்திரமாக மலையிறக்கிக் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
பெரிய மனுஷனின் அம்மா

(பின்பக்கம்)

இருபத்து நான்காம் தேதி, காலை எட்டு மணி. எனக்குப் பயமாக இருக்கிறது. வாருங்கள்.